மைலா, நிலையா?

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; மோட்டார்க் கார் வாங்கப் போகிறவன் மீற்றரை எட்டிப் பார்ப்பான். மாட்டின் பல் பொய் சொல்வதில்லை. மீற்றரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பொய் சொல்லாத மீற்றரும் பாதி உண்மையைத்தான் சொல்லும் என்பதை எம்மவரிற் பலர் பணத்தைக் கொடுத்த பின்னரே அறிந்துகொள்கிறார்கள். அவ்வாறு காலங்கடந்து அறிந்துகொண்டவர்களுள் இக்கட்டுரையை எழுதுபவனும் ஒருவன்.

2025ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, என் தமக்கையாரின் மகன் வீட்டுக்கு வந்தான். பேராதனையில் பொறியியல் படித்து உத்தியோகமும் பார்ப்பவன். கையிலே இரண்டு கார்களின் விபரம். "மாமா, இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே மாதிரி. ஒன்று நாற்பத்தெட்டாயிரம் கிலோமீற்றர் ஓடியது. மற்றது ஒரு இலட்சத்து நாற்பத்தீராயிரம். முதலாவதற்கு எட்டு இலட்சம் ரூபா அதிகம் கேட்கிறார்கள். அப்பா முதலாவதைத்தான் வாங்கச் சொல்கிறார். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே முற்பணம் கொடுத்துவிடலாம்" என்றான்.

அந்தப் பணத்தில் அவனுடைய சேமிப்பு பாதி. மறுபாதி, ஓய்வுபெற்ற அத்தானுடைய ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வருவது. முப்பத்திரண்டு ஆண்டு உழைப்பின் மிச்சம் அது. ஆகையால், "பையன் ஆசைப்படுகிறான், வாங்கட்டும்" என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் ஆசைப்பட்டதும் சாதாரணக் கார் அன்று. சுசுக்கி ஸ்விப்ட் ஸ்போர்ட். பார்வைக்குச் சந்தைக்குப் போய்வரும் சிறிய கார்தான். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். நான்கு பேர் இருந்து போகலாம். ஆனால் அந்தச் சிறிய உடலுக்குள் அளவுக்குச் சற்று மிஞ்சிய வலுவுள்ள யந்திரம் அமர்ந்திருக்கும். இவ்வினத்துக்கு ஆங்கிலேயர் 'ஹொட் ஹட்ச்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஹொட் என்றதும் தொட்டாற் சுடும் என்று என் தமக்கையார் எண்ணிக்கொண்டது வேறு கதை.

இவ்வினத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது ஜெர்மானிய வொக்ஸ்வாகன் கம்பனியின் கோல்ப் ஜீ.ரீ.ஐ. என்னும் கார். 1975இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டு, மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1.6 லீற்றர் யந்திரம், 110 குதிரை வலு. ஐயாயிரம் கார்கள் மாத்திரம் செய்தாற் போதும் என்று எண்ணித் தொடங்கியவர்கள் இலட்சக்கணக்கிற் செய்ய நேர்ந்தது. அதற்கும் முன்னர், பின்கதவு இல்லாவிடினும், இதே குணமுள்ள மினி கூப்பர் 1964இல் மொன்டே கார்லோ ஓட்டத்திலே பெரிய கார்களையெல்லாம் பின்தள்ளி வெற்றி பெற்றது. ஸ்விப்ட் ஸ்போர்ட் அந்தப் பரம்பரையின் ஜப்பானிய வாரிசு. 2005இல் வந்த மாதிரி 125 குதிரை வலுவும், 2011 இறுதியில் வந்தது 136 குதிரை வலுவும் உடையவை, இரண்டும் 1.6 லீற்றர். 2017இல் வந்தது 1.4 லீற்றர் ரேர்போ யந்திரத்துடன் 970 கிலோகிராம் எடையே உள்ளது. மருமகன் கொண்டுவந்த இரண்டும் 2012ஆம் ஆண்டுக் கார்கள். ஆறு கியர், கையாற் போடுவது.

புதிய காரை வாங்கினால் என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. திறந்த கதவின் வாசற்படியிலே வரி என்னும் பெரும் பாறை கிடக்கிறது. ஆதலால் நடுத்தரக் குடும்பத்துக்குப் பழைய காரே கதி. இது எமக்குப் புதிதும் அன்று. அறுபதுகளிலே கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஒஸ்டினையும் மொரிஸ் மைனரையும் எம்முன்னோர் பிள்ளைபோல் வைத்துப் பேணினார்கள். அக்கார்களின் மீற்றரில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 மைல் ஓடியதும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். அப்படி இரண்டு தடவை, மூன்று தடவை சுற்றிவந்த மொரிஸ் மைனர்கள் இன்றும் கண்டி வீதிகளிலே ஓடுகின்றன. அவற்றுக்கு மைல் என்பது என்ன பொருள்?

ஆயினும் மைல் வெறும் மாயை என்று சொல்ல வந்தேனல்லேன். ஓடினாற் தேயும்; அது பௌதிக நியதி. பிஸ்டன் வளையம் தேயும், கிளச் தேயும், அதிர்வுதாங்கியிலிருந்து எண்ணெய் கசியும். ஆனால் தேய்வு தூரத்தால் மட்டும் வருவதில்லை. எத்தகைய தூரம் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது.

மருமகனை அழைத்துக்கொண்டு முதலில் அம்பிட்டியவிலிருந்த வெள்ளைக் காரைப் பார்க்கப் போனேன். கண்ணாடிபோல் மினுங்கியது. ஆசனங்களின் மேல் பிளாஸ்டிக் உறைகூட அகற்றப்படவில்லை. உரிமையாளர் நல்ல மனிதர். ஒளிவு மறைவின்றிப் பேசினார். "காலையிலே பிள்ளைகளை டவுனுக்குக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மத்தியானம் கூட்டிவருவது, அவ்வளவுதான். தூரப் பிரயாணத்துக்கு வேறு வாகனம் இருக்கிறது" என்றார். அவர் பெருமையாகச் சொன்ன அந்த வார்த்தையே எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கிற்று.

பதின்மூன்று ஆண்டுகளில் நாற்பத்தெட்டாயிரம் கிலோமீற்றர் என்றால், நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றர். அதுவும் இரண்டு மூன்று துண்டுகளாக. காலைக் குளிரிலே கிளப்பிய யந்திரம் முழுச்சூடு பெறுவதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிடும். சூடேறாத யந்திரத்தில் எரியாத பெற்றோல் சிறிது எண்ணெயோடு கலக்கும். எரிதலால் உண்டாகும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே நீராகும். நீண்ட தூரம் ஓடினால் இவ்விரண்டும் ஆவியாகிப் போய்விடும். ஓடாவிட்டால் எண்ணெய் சேறாகும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பால்தேநீர் நிறத்திலே பசைபோன்ற படிவு. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை தவறாமல் எண்ணெய் மாற்றியதாக அவர் சொன்னார். உண்மைதான், ஆனால் அவருக்கு ஐயாயிரம் கிலோமீற்றர் ஓட ஒன்றேகால் வருடத்துக்கு மேற் சென்றிருக்கிறது.

பின்னர் குனிந்து ரயர்களைப் பார்த்தேன். ரயரின் பக்கச் சுவரிலே நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இந்தக் காரின் நான்கு ரயர்களிலும் '3112' என்றிருந்தது. அதாவது 2012ஆம் ஆண்டின் முப்பத்தோராவது வாரம். பட்டி தேயவில்லை, பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆனால் பக்கச் சுவரிலே வயல்வெடிப்புப்போல் மெல்லிய கீறல்கள். ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். வெயிலும் காற்றும் அதை இறுக வைத்துவிடும். மழை பெய்த கண்டி வீதியிலே பிடிக்க வேண்டியது அந்த இறுகிய ரப்பர்தான்.

இவ்விடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். 2014இல் நானும் மைலைப் பார்த்து ஒரு சிறிய ஜப்பானியக் காரை வாங்கினேன். ஒன்பது வயதுக் கார். முப்பத்தோராயிரம் கிலோமீற்றர்தான் ஓடியிருந்தது. வாங்கி மூன்றாம் மாதம், மனைவி, பிள்ளைகள் இருவருடன் மகியங்கனை வழியாக மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். உன்னஸ்கிரியவுக்கு அப்பால் ஹசலக்கவை நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவு வீதியை அறியாதார் இல்லை. மலைச்சரிவிலே நூல் சுற்றியதுபோல் ஒன்றின்கீழ் ஒன்றாக வளைவுகள். பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். பிறேக்கை மிதித்தேன், கால் தடையின்றிக் கீழே போயிற்று. மறுபடி மிதித்தேன், பஞ்சு மெத்தையை மிதிப்பதுபோல் இருந்தது. கியரைக் கீழ்நிலைக்குத் தள்ளி, கைப்பிறேக்கை இழுத்து, மலைப்பக்கத்துக் கானுக்குள்ளே இடச்சில்லை இறக்கி ஒருவாறு நிறுத்தினேன். மறுபக்கம் என்ன இருந்தது என்பதை மனைவி இன்றுவரை பேச விரும்புவதில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. பௌதிகம் படிப்பிக்கிறவனுக்கு அது முன்னரே விளங்கியிருக்க வேண்டும். 1,200 கிலோகிராம் எடையுள்ள காரும் ஆட்களும் 300 மீற்றர் உயரம் கீழே இறங்கினால், ஏறக்குறைய 35 இலட்சம் யூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். கியரைப் பயன்படுத்தாமல் பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அவ்வளவும் பிறேக்கிலே வெப்பமாகும். சாதாரணத் தண்ணீர் பத்து லீற்றரைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும். இது மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று. இனி, பிறேக் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். 'டொட் 3' எனப்படும் எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய பின்னர் அதே எண்ணெய்க்கு விதி கேட்பது 140 பாகைதான். கொதித்தால் குழாயினுள் ஆவி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நான் மிதித்தது ஆவியை! காரை ஜப்பானில் செய்தபோது ஊற்றிய எண்ணெய் அப்படியே இருந்ததாம். "இவ்வளவு குறைவாக ஓடிய வாகனத்துக்கு என்னத்தை மாற்றுவது?" என்று முன்னைய சொந்தக்காரர் எண்ணியிருக்கிறார். மைல் குறைவாயிருந்ததே அந்தக் காரைப் பழுதாக்கிற்று.

கதைக்குத் திரும்புவோம். இரண்டாவது கார் குண்டசாலையில் இருந்தது, நீல நிறம். முன் பம்பரிலே கல் தெறித்த தழும்புகள். சாரதி ஆசனத்தின் வெளியோரம் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. ஸ்டியரிங் வளையம் கை பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருந்தது. மருமகனின் முகம் வாடிற்று. சொந்தக்காரர் ஒரு வங்கி உத்தியோகத்தர். கண்டிக்கு மாற்றலாகி வந்தவர். முன்னர் குடும்பம் மாத்தறையிலும் உத்தியோகம் கொழும்பிலுமாக இருந்ததால், கிழமைக்கொரு தடவை போய்வந்திருக்கிறார். தெற்கு அதிவேகப் பாதை 2011இல் காலி வரைக்கும், 2014இல் மாத்தறை வரைக்கும் திறக்கப்பட்டதை வாசகர்கள் நினைவுகூரலாம். அந்தப் பாதையிலே ஆறாவது கியரில், ஒரே வேகத்தில், சூடேறிய எண்ணெயுடன் நூறு கிலோமீற்றர் போகும் யந்திரம், கண்டி நகர வாகன நெரிசலிலே பத்துக் கிலோமீற்றர் ஊர்ந்து போகும் யந்திரத்தைவிடச் சுகமாக இருக்கும். அங்கே கிளச்சை மிதிக்க வேண்டியதில்லை. பிறேக்குக்கு அதிக வேலையில்லை.

அவர் ஒரு கோவையைக் கொண்டுவந்து வைத்தார். எண்ணெய் மாற்றிய ரசீது, பிறேக் எண்ணெய் மாற்றிய ரசீது, ரயர் மாற்றிய ரசீது, எல்லாம் தேதிவாரியாக. ஒவ்வொன்றிலும் அன்றைய மீற்றர் இலக்கம். படிக்கப் படிக்க எண் படிப்படியாக ஏறுகிறது. எங்கும் பின்னோக்கிப் போகவில்லை. பழைய கார் வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டியது இந்தக் கோவையைத்தான்.

ஏனெனில் மீற்றரைப் பின்தள்ளுவது இப்போது மிகச் சுலபம். பழைய காலத்துப் பல்சக்கர மீற்றரைத் திருப்புவதற்குக் கைத்திறன் வேண்டும். இலக்கங்கள் வரி பிசகி நின்று காட்டிக்கொடுப்பதும் உண்டு. மின்னணு மீற்றருக்குச் சிறிய கருவி ஒன்று போதும். காரியம் முடிந்தபின் எந்த அடையாளமும் வெளியிலே தெரியாது. சில கார்களில் வேறு கணினிப் பெட்டிகளுள்ளும் தூரம் பதிந்திருக்கும். கராஜில் ஸ்கான் செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜப்பானில் ஏலத்திற்கு வந்த கார் எனில், ஏலத்தாள் என்று ஒன்று உண்டு. அதில் காருக்கு நாலரை, நாலு, மூன்றரை என்று தரப்புள்ளியும், அன்றைய தூரமும், காரின் படத்திலே கீறல், நெளிவு, திருத்தம் முதலியவற்றுக்குரிய எழுத்துக்களும் இருக்கும். புள்ளிக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இருந்தால், விபத்திலே அடிபட்டுத் திருத்தியது என்று பொருள். விற்பவர் காட்டும் பிரதியை மட்டும் நம்பாமல், சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு தாமாகவே தேடிப் பார்ப்பது உத்தமம். தாளையும் திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் கருவியும் இல்லாதவர்க்குக் கண்ணே கருவி. நாற்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் காரில் பிறேக் மிதியின் ரப்பர் வரி அழிந்து வழுக்கினால், அந்த நாற்பதாயிரத்தை நம்ப வேண்டாம். மிதி ரப்பர் மாத்திரம் புத்தம் புதிதாயிருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஸ்போர்ட் இனத்துக் காருக்கு இவற்றோடு இன்னொரு சோதனையும் உண்டு. எவ்வளவு ஓடியது என்பதைவிட, யார் ஓட்டினார், எப்படி ஓட்டினார் என்பதே அங்கே பெரிது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்களா, புகைக்குழாயை மாற்றி ஊரை எழுப்பும் சத்தம் வைத்திருக்கிறார்களா, கணினியைத் திருத்தி வலுவைக் கூட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நுவரெலியா மகாகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றப் போட்டி நடந்துவருகிறது. அங்கே ஓட்டுவோர் விதிப்படி ஓட்டுகிறார்கள். நான் சொல்வது, நள்ளிரவிலே கடுகண்ணாவை ஏற்றத்தைப் போட்டிக்களமாக்கும் வீரர்களை. கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய நினைவுக் கோபுரம், அவர் அமைத்த பாதையிலே நடக்கும் இந்தக் கூத்தையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. அத்தகையவர் கையிலே இருபதாயிரம் ஓடிய காரும் கிழடுதான். யந்திரம் குளிர்ந்திருக்கையிலே இரண்டாம் கியரைப் போட்டுப் பாருங்கள். பல் உரசும் ஓசை கேட்டால் ஓட்டியவரின் சுபாவம் அதிலே தெரிந்துவிடும். போவதற்கு முன்பே யந்திரத்தைக் கிளப்பி வைத்திருக்கிறார்களா என்பதை அறிய, பொனட்டைத் தொட்டுப் பார்ப்பதும் நன்று. குளிர்ந்த யந்திரத்தின் முதல் இருமலிலே பல நோய்கள் வெளிப்படும்.

இரண்டு கார்களையும், சொந்தக்காரர்களின் சம்மதத்துடன், கட்டுகஸ்தோட்டையிலே நெடுங்காலமாகக் கராஜ் நடத்தும் முதியவரிடம் கொண்டுபோனோம். அவர் அதிகம் பேசமாட்டார். நீலக் காரின் நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் குறைகள் இல்லாமலில்லை. கிளச் முடியும் தறுவாயில் இருந்தது. பின் அதிர்வுதாங்கி ஒன்றில் எண்ணெய்க் கசிவு. முன்பக்க புஷ்கள் தளர்ந்துவிட்டன. "மூன்று இலட்சம் வைத்துக்கொள்ளுங்கள், சேர். இது எல்லாம் இன்ன இன்னது என்று தெரிந்த செலவு" என்றார். வெள்ளைக் காரை உயர்த்திப் பார்த்தபோது பின்சில்லுப் பிறேக் ஊசிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. பிறேக் எண்ணெய் பழஞ்சாயத் தண்ணீர்போல் கறுத்திருந்தது. கதவின் கீழ்விளிம்பில் உட்புறமாகத் துரு. "இதற்கு எவ்வளவு?" என்று மருமகன் கேட்டான். "பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது, மகன்" என்றார் முதியவர்.

தெரிந்த செலவுக்கும் தெரியாத செலவுக்கும் உள்ள வித்தியாசம் மருமகனுக்கு அப்போது விளங்கிற்று. ஆனால் அத்தானுக்கு விளங்க வைப்பது எளிதாயிருக்கவில்லை. "ஒன்றரை இலட்சம் ஓடின காருக்கு ஓய்வூதியக் காசைக் கொட்டுவதா?" என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய அச்சத்தை நான் குறை சொல்லேன். மறுபடி விற்கும்போது வாங்க வருகிறவனும் மீற்றரைத்தானே பார்ப்பான் என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. சந்தை எண்ணுக்கே விலை கொடுக்கிறது. ஐந்து ஆறு ஆண்டு வைத்திருந்து ஓட்டப் போகிறவனுக்கு ஒரு நியாயம். அடுத்த வருடமே விற்க நினைப்பவனுக்கு வேறு நியாயம். மருமகன், "நான் விற்பதற்கு வாங்கவில்லை, அப்பா, அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வாங்குகிறேன்" என்று சொன்ன பிறகே அவர் இறங்கிவந்தார். ஸ்போர்ட் கார் எதற்கு என்று அப்போதும் அவர் கேட்கவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை.

கராஜ்காரர் எழுதித்தந்த குறைகளைக் காட்டியதில், விலையிலே மேலும் ஒன்றரை இலட்சம் குறைந்தது. நீலக் கார் வீட்டுக்கு வந்தது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலிலே பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று, தமக்கையார் மீற்றரைப் பார்த்து, "இதை ஒரு துணியாலே மூடிவிடலாகாதா?" என்று கேட்டாள். முதல் ஆறு மாதத்துள் கிளச்சும் அதிர்வுதாங்கியும் புஷ்களும் மாற்றப்பட்டன. செலவு முதியவர் சொன்னதற்குச் சற்று மேலே போயிற்று.

வெள்ளைக் காரை ஒரு மாதத்துக்குள்ளேயே வேறொருவர் வாங்கிவிட்டார். அதை நான் மீண்டும் கண்டது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தண்டையில், மாலை நெரிசலிலே. முன்னாசனத்தில் இளம் தந்தை. பின்னே சீருடையுடன் இரண்டு குழந்தைகள். வாகனங்கள் அசைவதாக இல்லை. நான் இறங்கிப் போய், என்னை இன்னாரென்று சொல்லி, "தம்பி, ரயரிலே இருக்கும் ஆண்டைக் கொஞ்சம் பாருங்கள், பிறேக் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள்" என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்தார்.

"ஐம்பதாயிரம்கூட ஓடவில்லையே, ஐயா" என்றார்.